இரண்டாவது கட்டம்

கயலரசிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சொல்லும்போது அற்பமாகத்தான் இருந்தது. ஓர் எண்ணைப் படிக்க வேண்டும்.

அந்த எண் இருந்த இடம்தான் அற்பமானதல்ல. மனிதர்களின் நெஞ்சுக்கூட்டுக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பம்பு சுழன்றுகொண்டிருந்தது. எண் அதற்குள் இருந்தது. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் மோட்டார் செய்து கைதேர்ந்த கோயம்புத்தூர், ஒரு தலைமுறைக்கு முன்னால் இதயத்துக்கும் பம்பு செய்ய இறங்கியது. வெளிநாட்டுப் பம்பின் விலையில் இருபதில் ஒரு பங்கு. சோர்ந்த இதயத்தின் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டால், இடுப்புப் பட்டியில் இருக்கும் பேட்டரியை வைத்து முப்பது வருடம் ஓடும் என்றார்கள். 2060-ல் தென்னிந்தியாவில் மட்டும் இரண்டு லட்சம் பேர் அப்படி நடமாடினார்கள். அதில் பாதிப் பேருடைய பம்பு கயலரசியின் கம்பெனியில் செய்தது.

ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு பம்பு ஒன்றுபோல் அமையாது. ஒன்றில் சுழலியின் இதழ் மயிரிழை தடித்திருக்கும், இன்னொன்றில் காந்தம் கொஞ்சம் இளைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பம்பையும் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்து, இது எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, ஒரு திருத்த எண்ணை அதன் அழியா நினைவகத்தில் எழுதுவார்கள். எழுதுவது என்றால் எரிப்பது. கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை எரித்து எண்ணாக்குவது. எரிந்த கம்பி எரிந்ததுதான். மின்சாரம் போனாலும், பேட்டரி செத்தாலும், ஆளே செத்தாலும் அந்த எண் இருக்கும். பம்பு கண்விழிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கெர்னல், அதாவது மென்பொருளின் அடிமடி, முதலில் இந்த எண்ணைப் படித்து அதற்கேற்ப வேகத்தை வைத்துக்கொள்ளும்.

சிக்கல் எண்ணின் அளவில் இருந்தது. நினைவகத்தின் ஒரு கட்டத்தில் 255 வரைக்கும்தான் எழுத முடியும். முதல் மாடலுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு வந்தவை நுணுக்கமாக, இரண்டு கட்டம், மூன்று கட்டம், நான்கு கட்டம் என்று எண்ணும் பெருத்தது. பதினொரு மாடலுக்குப் பதினொரு பேர் தனித்தனியாகப் படிக்கும் நிரல் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் எட்டுப் பேர் இப்போது கம்பெனியில் இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே வாசல் வேணும் கயல்," என்றான் ரித்விக். கெர்னல் பிரிவின் தலைவன் அவன். கயலரசியைவிட ஐந்து வயது மூத்தவன், குரலை உயர்த்தாதவன்.

"ஒரே வாசல்தான். எனக்கு எண் வேணும்னு கேட்டாப் போதும், ஒரு கட்டமா நாலு கட்டமான்னு கேக்கறவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. வடிவமைப்புக் குறிப்புல எத்தனை கட்டம்னு இருக்கோ அத்தனையும் நான் படிச்சுக்கறேன். குறைஞ்சா மேல பூச்சியம் போட்டு நிரப்பிக் குடுத்தர்றேன்."

"அதிகமா இருந்தா?"

"நாலு கட்டத்துக்கு மேல போனாலும், எண் வரம்புக்கு மேல வந்தாலும் தர மாட்டேன். தப்புன்னு சொல்லிடுவேன்."

"தப்புன்னா பம்பு காப்பு வேகத்துக்கு இறங்கிடும். ஆளு உயிரோட இருப்பாரு, ஆனா மாடிப்படி ஏற முடியாது. அதுக்குப் பதிலா அதிகமா இருக்கறதை வெட்டிட்டு மிச்சத்தைக் குடுக்கலாமே?"

"வெட்டினா அது வேற எண் ரித்விக். தப்பான எண்ணைத் தைரியமாச் சொல்றதுக்கு, எனக்குத் தெரியலன்னு சொல்றது தேவலை."

ரித்விக் சரி என்றான். எழுத ஆறு வாரமும் சோதிக்க நான்கு மாதமும் ஆயின. முடிந்தபோது நாற்பது வரிகூட இல்லை. அதைப் பார்க்கக் கயலரசிக்குப் பெருமையாக இருந்தது.

முதல் மாடல்காரர்களில் தொள்ளாயிரம் பேருக்கு வெள்ளோட்டமாக அதை அனுப்பினார்கள். தொழிற்சாலையின் மூன்றாம் சோதனை மேசையிலிருந்து வெளிவந்த பம்புகள், வயது பத்தொன்பது. எண்ணூற்று எண்பத்தொன்பது பம்புகள் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஓடின. பதினொன்று காப்பு வேகத்துக்கு இறங்கின.

அந்தப் பதினொருவரில் ஒருவர் ஆறுச்சாமி. ஐம்பத்தெட்டு வயது, அன்னூர்ப் பக்கம். கபடி நடுவர். மறுநாள் காலையிலேயே சேவை மையத்துக்கு வந்துவிட்டார். வாசலிலிருந்து நாற்காலிவரை வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

"ஏனுங் மேடம், நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த பம்புங்க. நீங்க ஏதோ புதுசா அனுப்பிச்சீங்களாமா, அதுலருந்து இப்பிடி. ஞாயித்துக்கெழமை எனக்கு அரையிறுதி ஆட்டம் இருக்குது. ரைடு போறவன் பின்னாலயே ஓடோணும். உக்காந்துட்டு விசில் ஊத முடியுங்களா?"

"முடியாதுங்க. பம்பு உள்ள ஒரு நம்பர் இருக்குது. அதை நாங்க படிக்கறப்ப ரொம்பப் பெருசா வருது. நம்ப முடியாத அளவுக்கு. அதனால பம்பு பயந்து மெதுவா ஓடுது."

"பழைய மாதிரியே படிச்சுட்டுப் போங்களேன். பத்தொம்போது வருசம் படிக்கலியா?"

நியாயமான கேள்விதான். பழைய நிரலை எடுத்துப் பார்த்தாள். வடிவமைப்புக் குறிப்பில் முதல் மாடலுக்கு இரண்டு கட்டம் ஒதுக்கியிருந்தது. ஆனால் எண் எப்போதும் முதல் கட்டத்திலேயே அடங்கிவிடும் என்பதால், பழைய நிரலை எழுதியவர் முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரண்டாவது காலியாக, பூச்சியமாக இருக்க வேண்டும். அதைப் பத்தொன்பது வருடமாக யாரும் திறந்து பார்த்ததில்லை. இப்போது அவளுடைய நிரல் இரண்டையும் சேர்த்துப் படித்தது. அப்படிப் படித்தால் இரண்டாவது கட்டத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 256 மதிப்பு. ஆறுச்சாமியின் பம்பு, 118 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 12,150 என்றது.

ரித்விக் அன்று மத்தியானமே கூப்பிட்டான்.

"மூணு பேரு மேலிடம் வரைக்கும் புகார் பண்ணிட்டாங்க. முதல் மாடலா இருந்தா ஒரு கட்டம் மட்டும் படின்னு ஒரு வரி போட்டுடு. அந்த மூணு பேருக்கு இன்னிக்கே போகட்டும். மத்தவங்களுக்கு நாளைக்கு."

"ரெண்டாவது கட்டத்துல ஏன் என்னமோ இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"பாரு. யாரு வேண்டாம்னா? கம்பி பழசாகித் தானா எரிஞ்சிருக்கும். பத்தொம்பது வருசம் அதைப் படிக்காமதானே ஓடுச்சு? அவங்க எந்திரிச்சு நடக்கட்டும் முதல்ல."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கயலரசி அந்த ஒரு வரியை எழுதினாள். நான்கு நிமிடம் ஆனது. மூன்று பேருக்குப் போனது. உடுமலையில் தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்த பிரேமலதா என்ற பெண் அவர்களில் ஒருத்தி. வயது நாற்பத்து நான்கு. சாயங்காலமே சேவை மையத்துக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தாள். படி ஏறிவிட்டாளாம்.

மற்ற எட்டுப் பேருக்கு அனுப்புவதைக் கயலரசி நிறுத்திவைத்தாள். அவர்களில் ஒருவரான ஆறுச்சாமியிடம் இரண்டு நாள் தவணை கேட்டாள். "சனிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க" என்று அரைமனதாகச் சம்மதித்தார்.

அடுத்த நாள் காலை பதினொரு எண்களையும் காகிதத்தில் எழுதி, கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தாள். முதல் கட்டத்தில் ஆளுக்கொரு எண். 118, 97, 141. அது இயல்பு. இரண்டாவது கட்டத்தில் பதினொன்றிலும் ஒரே எண் இருந்தது. நாற்பத்தேழு.

கம்பி பழசாகி எரிந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எரியும். பதினொரு பேரின் நெஞ்சுக்குள் பதினொரு கம்பிக் கூட்டமும் பேசிவைத்துக்கொண்டு நாற்பத்தேழு என்று எரியாது. யாரோ எழுதியிருக்கிறார்கள்.

தொழிற்சாலையின் பழைய ஆள்பட்டியலைத் தேடி எடுக்க அரை நாள் ஆனது. சோதனைப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் எண் இருந்தது. மூன்றாம் மேசை, டோக்கன் 47, பெயர் கோகிலவாணி. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டிருந்தார்.

கோகிலவாணி இப்போது இருகூர் சாலையில் பேட்டரி மாற்றும் நிலையம் ஒன்றை நடத்திவந்தார். தீர்ந்த பேட்டரியோடு வரும் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் இரண்டு நிமிடத்தில் புதியதை மாட்டிக்கொண்டு போகும். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, தொளதொள காக்கிச் சட்டை. கம்பெனியின் பெயரைச் சொன்னதும், கையிலிருந்த பேட்டரியை அதன் குழியில் சரியாக உட்கார வைத்துப் பூட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

"நாப்பத்தேழு உங்க டோக்கன் நம்பருங்களா அக்கா?" என்றாள் கயலரசி.

"ஆமாங்க."

"பம்போட ரெண்டாவது கட்டத்துல அதை எழுதுனது நீங்களா?"

கோகிலவாணி வாடிக்கையாளர் ஒருவரை அடுத்த குழிக்குப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அம்மிணி. நின்னுட்டுப் பேசற விசயமில்ல."

கயலரசி உட்கார்ந்தாள்.

"பம்பை உப்புத் தண்ணியில ஓட்டிப் பாப்போமுங்க. நாப்பது நிமிசம். நல்ல பேரிங்கு சத்தமே போடாது. கெட்டது இருபத்தஞ்சு நிமிசத்துக்கு மேல ஒரு சத்தம் போடும், கண்ணாடி சன்னல்ல ஈ மாட்டுனாப்பல. மிசினுக்கு அது கேக்காது, காதுக்குத்தான் கேக்கும். அப்பிடிக் கேட்டா செவப்புத் தட்டுல போட்டுருவோம். திரும்ப உருக்கறதுக்குப் போயிரும்."

"சரிங்க."

"அந்த வருசம் கவர்மென்ட் ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. மூணு மாசத்துல பத்தாயிரம் பம்பு. நாப்பது நிமிசம் பத்து நிமிசமாச்சு. அதுவும் பத்தாதுன்னு, செவப்புத் தட்டுல கெடந்ததையெல்லாம் எடுத்து மறுக்கா பத்து நிமிசம் ஓட்டிப் பாஸ் போடச் சொன்னாங்க. பத்து நிமிசத்துல எந்தப் பேரிங்குமே சத்தம் போடாதுங்க. முடியாதுன்னேன். முடியாட்டி வெளிய போற கேட்டு அக்கட்டால இருக்குதுன்னாங்க."

"பாஸ் போட்டீங்க."

"போட்டேன்." அவர் பார்வையைத் திருப்பவில்லை. "நம்பர் எரிக்கற மிசின்ல ரெண்டு கட்டம் காட்டும். ரெண்டாவது சும்மாவே கெடக்கும். என்ற காது வேண்டாம்னு சொன்ன பம்புக்கெல்லாம் அதுல என்ற டோக்கனைப் போட்டு எரிச்சேன். நூத்தியெம்பது பம்பு. பொறவு வேலைய விட்டுட்டேன்."

"வெளிய யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க?"

"சொல்லியிருக்கலாம்." ஒரு ஆட்டோ வந்து நின்று, பேட்டரி மாற்றிக்கொண்டு போனது. "பாஸ் சீட்டுல கையெழுத்து என்றது. மொதல்ல உள்ள போறது நானு. பையன் ரெண்டாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தான். அவுங்கப்பா இல்ல. இதெல்லாம் இப்ப அடுக்கிச் சொல்லலாமுங்க. பயம், அவ்வளவுதான்."

"அந்தப் பேரிங்கு எவ்வளவு நாள் தாங்கும்?"

"அப்பவே எங்க ஃபிட்டர் ஒருத்தர் சொன்னாரு. இருவது வருசம் தாண்டாது. நிக்கறப்ப மெதுவா எல்லாம் நிக்காது. இறுகிக்கும்."

கயலரசியின் காதில் அழைப்பு ஒலித்தது. ரித்விக். "கயல், எங்க இருக்கே?" என்றான். குரலில் வழக்கமான நிதானம் இல்லை. "உடுமலை பிரேமலதா. இன்னிக்குக் காலைல, தையல் யூனிட்ல. பம்பு நின்னுடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

கயலரசி அழைப்பை அணைத்துவிட்டு, "உங்க நம்பர் போட்ட பம்பு ஒண்ணு நின்னுடுச்சுங்க அக்கா, ஆளு இறந்துட்டாங்க" என்றாள். கேட்காமல் இருக்க முடியாது என்பதுபோல் கோகிலவாணி கேட்டார்.

"யாருங்க அது?"

"இதுவரைக்கும் கண்டுபிடிச்ச பதினொரு பேர்ல ஒருத்தங்க. உங்க நம்பரைப் பாத்துப் பம்பு மெதுவா ஓடிட்டிருந்துச்சு. நான்தான் முந்தாநேத்து அந்த நம்பரைப் படிக்க வேண்டாம்னு ஒரு வரி எழுதி அனுப்புனேன். முழு வேகத்துல ஓட ஆரம்பிச்சிருக்குது."

  கயலரசி எழுந்தபோது கோகிலவாணியும் எழுந்தார். "என்னைய எங்க வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்றேனுங்க" என்றார்.

கார் இருகூர் சாலையைத் தாண்டுவதற்குள், மற்ற இரண்டு பேருக்கும் அனுப்பிய அந்த ஒரு வரியைக் கயலரசி திரும்பப் பெற்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர்களுடைய பம்புகள் மறுபடி காப்பு வேகத்துக்கு இறங்கின. பிறகு நேராக அன்னூருக்குப் போனாள்.

ஆறுச்சாமி வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், நான்கு நிமிடத்தில் எழுதிய வரி உட்பட. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, இப்பிடி மெதுவா ஓடறதுதான் என்னையக் காப்பாத்தீட்டிருக்குதுன்றீங்க."

"ஆமாங்க. புதுப் பம்பு வைக்கற வரைக்கும் இப்படியே இருக்கணும். கம்பெனி செலவுல வைக்கச் சொல்லி எழுதப் போறேன்."

"ஞாயித்துக்கெழமைக்குக் கேட்டு வந்தேனே, அன்னிக்கே நீங்க குடுத்திருந்தா?"

  கேட்டுவிட்டு அவரே உள்ளே திரும்பி, ஆட்டத்துக்கு வேறு நடுவரைப் பார்க்கச் சொல்லி யாரிடமோ குரல் கொடுத்தார்.

மருத்துவக் கருவிகளுக்கான ஆணையத்துக்கு அன்றே கயலரசி அறிக்கை அனுப்பினாள். பதினொரு எண்கள், கோகிலவாணி சொன்னது, தன்னுடைய ஒரு வரி, அதை எழுதிய நேரம், பிரேமலதா இறந்த நேரம். கீழே தன் பெயர். ரித்விக் அதைப் படித்துவிட்டு அவள் அறைக்கு வந்தான்.

"அந்த வரியை எழுதச் சொன்னது நான். அதை விட்டுட்டியே."

"எழுதுனது நான்."

"என் பேரையும் சேத்துடு," என்றான். போய்விட்டான். அவள் சேர்த்தாள்.

கம்பெனிக்கு வேறு வழி தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. முன்னாள் ஊழியர் ஒருவர், டோக்கன் எண் 47, பொறுப்பில்லாமல் குறைபாடுள்ள பம்புகளைத் தேர்ச்சி பெற்றதாகக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். நினைவகத்திலும் அனுமதியின்றிக் கை வைத்திருக்கிறார். இது ஒரு தனிநபரின் குற்றம். காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கம்பெனி தன் செலவில் மாற்றுப் பம்பு பொருத்தும்.

எழுத்துக்கு எழுத்து அதில் பொய் இல்லை. கையெழுத்து அவருடையது, எண் அவருடையது. அவர் தன் சாட்சியாக எரித்து வைத்தது அவருக்கு எதிராகவே பேசியது. பத்து நிமிடமாக்கச் சொன்னவர்களின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. கோகிலவாணியை இரண்டு நாள் விசாரித்துவிட்டு, தினமும் காலையில் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினார்கள். செய்தி பரவியதும் பேட்டரி நிலையத்துக்கு வரும் வண்டிகள் பாதியாகக் குறைந்தன. எதிர்ச் சுவரில் யாரோ நாற்பத்தேழு என்று கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆணையம் ஒரே ஓர் உத்தரவு போட்டது. உயிரோடு இருக்கும் முதல் மாடல்காரர்கள் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரின் பம்பிலும் இரண்டாவது கட்டத்தைப் படித்து, 47 இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனி மறுக்கவில்லை. தனிநபரின் குற்றம் எவ்வளவு பெரியது என்று அதுவே கணக்காகிவிடும் என்று நினைத்தது.

கயலரசி தன் வாசலை மறுபடி திறந்து வேலை செய்தாள். இதுவரை அதற்கு இரண்டு பதில்தான் தெரியும். இதோ எண், அல்லது தப்பு. இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். எண் இது, ஆனால் இதற்கு மேல் எனக்குப் புரியாதது இவ்வளவு இருக்கிறது, அதையும் அப்படியே வைத்துக்கொள். வெட்டவும் இல்லை, கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் முதல் நாளே இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு அது தோன்றவில்லை.

காலையில் ஒவ்வொருவரும் பட்டியைச் சார்ஜ் போடும்போது பம்பு தன் நிலவரத்தை அனுப்பும். நான்கு காலைகளில் எல்லாம் வந்து சேர்ந்தன. இரண்டாவது கட்டம் காலியாக இல்லாத பம்புகள் இருநூற்று அறுபத்து மூன்று.

அவற்றில் 47 என்று இருந்தவை நூற்றுப் பதினெட்டு. கோகிலவாணி எரித்தது நூற்றெண்பது. நடுவில் குறையும் அறுபத்திரண்டு பேர், பிரேமலதா உட்பட, இந்தப் பத்தொன்பது வருடத்தில் எங்கெங்கோ இறந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு, ஏற்கெனவே சோர்ந்த இதயம் என்பதால் இதயம் நின்றது என்று எழுதியிருப்பார்கள். பம்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பேரிங்கு இறுகியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மிச்சம் நூற்று நாற்பத்தைந்து பம்புகளில் 47 இல்லை.

கயலரசி தன் நிரலில்தான் பிழை என்று முதலில் நினைத்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு அந்தப் பழைய ஆள்பட்டியலை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அதில் தேடினாள். பட்டியலை ஆணையத்துக்கு அனுப்பி, கிடைத்தது என்ற பதிலும் வந்த பிறகுதான் இருகூருக்குக் கிளம்பினாள்.

கோகிலவாணி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நிலையத்தில் வண்டி எதுவும் இல்லை.

"அக்கா, உங்க கூட வேலை பாத்தவங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா, இப்படி நம்பர் எரிக்கறதை?"

"யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா அன்னிக்கே மேல போயிருமே. ஏன், யாராச்சும் என்னமோ சொன்னாங்களா?"

கயலரசி காகிதத்தை நீட்டினாள். கோகிலவாணி அதை வாங்கி, தூரமாகப் பிடித்து, கண்களைச் சுருக்கினார். படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

"உங்க நம்பர் நூத்திப் பதினெட்டு பம்புல. முப்பத்தொண்ணுன்னு ஒரு நம்பர் அறுபத்து நாலு பம்புல இருக்குது. பன்னெண்டு, முப்பத்தொம்போதுல. அம்பத்தெட்டு, இருபத்தேழுல. அறுபத்து மூணு, பதினொண்ணுல. எம்பது, நாலே நாலுல. எல்லாமே ரெண்டாவது கட்டத்துல. எல்லாமே அந்த மூணு மாசத்துல."

 கோகிலவாணி விரலை மடக்கி எண்ணுவதுபோல், அந்த எண்களை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். டோக்கன் எண் சட்டைப்பையில் குத்தியிருக்கும். பத்து மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்களுக்குப் பட்டியல் தேவைப்படாது.

"எம்பது அந்த நெகமத்துப் புள்ள. வந்து ஒரு மாசம்கூட ஆகல," என்றார். "பன்னெண்டு, யாக்கோபண்ணன். பேசவே மாட்டாரு." கொஞ்சம் இடைவெளி விட்டு, "முப்பத்தொண்ணு ஜோதிமணியக்கா. ரெண்டாம் மேசை. என்ற பக்கத்து மேசைங்க. மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்புடுவோம். அவுங்க ரசம், என்ற பொரியலு."

"அவங்களும் உங்ககிட்ட சொல்லல."

"சொல்லல." அவர் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து போனது. "ஆறு பேருங்க. ஆறு பேரும் சேந்து மேசைய விட்டு எந்திரிச்சிருந்தா, அன்னிக்கு அந்த லைனே நின்னிருக்கும் அம்மிணி."

 தனிநபரின் குற்றம் என்ற அறிவிப்பு இனி நிற்காது என்பதையும், சோதனை நேரத்தைக் குறைக்கச் சொன்ன ஆணையைக் கேட்டு ஆணையம் நோட்டீஸ் அனுப்பப்போகிறது என்பதையும் சொல்லத்தான் கயலரசி வந்திருந்தாள். இப்போது அது அவசரமாகத் தோன்றவில்லை.

"ஜோதிமணியக்கா இப்ப எங்க இருக்காங்க, தெரியுங்களா?"

"தாராபுரத்துல, மக ஊட்ல. பொங்கலுக்குப் பொங்கலு வாழ்த்து அனுப்புவாங்க. அவ்வளவுதான். பேப்பர்ல என்ற நம்பர் வந்ததுக்கப்பறமும் ஒண்ணும்..." முடிக்காமல் தொலைபேசியை எடுத்தார். பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழுத்தினார். கயலரசிக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

நான்கைந்து மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"அக்கா, நானுங்க, கோகிலா."

"சொல்லு கண்ணு." வயதான, எச்சரிக்கையான குரல்.

"ஒண்ணுமில்லீங்க்கா. ஒண்ணு கேக்கோணும். உங்க டோக்கன் முப்பத்தொண்ணுதானுங்களே?"

 எதிர்முனையில் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. யாரோ கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு ஜோதிமணி, வாயைத் தொலைபேசிக்கு மிக அருகில் கொண்டுவந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"படிச்சுட்டாங்களா?"